பழைய வோக்மேனின் ஹெட்போன் ஜெக்கைத் திருத்துவது எப்படி: கசெட்டை வீசுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வோக்மேன் சுற்றுகிறது, பெட்டரி புதிது, சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆனால் ஹெட்போனில் பாட்டு ஒரு காதில் மட்டும் வருகிறது, இல்லையென்றால் கரகரக்கிறது, இல்லையென்றால் வயரைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தால்தான் கேட்கிறது. இப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக் செருகும் அந்தச் சின்னத் துளையை, அதாவது ஜெக்கை. ஒரு வோக்மேனில் நாம் ஓயாமல் இழுத்து, முறுக்கி, தள்ளிப் பாடாய்ப்படுத்துகிற இடம் அதுதான், ஆகவே முதலில் களைத்துப்போவதும் அதுதான். வீட்டு மேசையில் வைத்தே திருத்தக்கூடிய பழுதும் இதுதான். மோட்டர் போனால், கசெட் நாடாவைப் படிக்கும் ஹெட் தேய்ந்தால், அதே மாதிரிச் சாமான் தேடி அலைய வேண்டும். ஜெக்குக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

இதை இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்குக் காரணம் வோக்மேன் இல்லை, கசெட்டுகள். மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே படுவான்கரையானாலும் கிழக்கே எழுவான்கரையானாலும் எத்தனையோ வீடுகளில் அலுமாரி மேல்தட்டில் ஒரு பெட்டி கசெட் இன்னும் கிடக்கிறது. களரியில் விடிய விடிய ஆடிய வடமோடி, தென்மோடிக் கூத்துகளை யாரோ ஒருவர் மத்தளத்துக்குப் பக்கத்தில் ரெக்கோடரை வைத்துப் பிடித்தது, சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, கலியாண வீட்டில் பதிந்தது. கூத்தைப் பழக்கிய அந்த அண்ணாவியாரும் அந்தப் பெத்தாவும் (பாட்டியும்) இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு கசெட் போனால் வேறு இடத்தில் அதே பாட்டு கிடைக்கும், இவை போனால் போனதுதான். இவற்றைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு, இப்போது புதிதாக மலிவாக வருகிற கசெட் பிளேயர்களைவிட ஒழுங்காகப் பராமரித்த பழைய வோக்மேன் நல்லது, வேகம் ஆடாமல் சீராகச் சுற்றும். ஆனால் அதற்குள்ளிருந்து குரல் வெளியே வரப் பெரும்பாலும் ஒரே வழி அந்த 3.5 மில்லிமீற்றர் துளைதான்.

சரி, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஹெட்போன் பிளக்கைக் கையில் எடுத்தால் இரண்டு கறுப்பு வளையங்கள் தெரியும், அவை பிளக்கை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது காது, நடுத் துண்டு வலது காது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. ஜெக்குக்குள் இந்த மூன்றையும் தொடுவதற்கு வளைந்த மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கின்றன, அவற்றின் கால்கள் போர்ட்டில், அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே பழுது வரக்கூடிய இடம் இரண்டுதான்: தகடு பிளக்கைத் தொடும் இடம், அல்லது தகட்டின் கால் போர்ட்டைத் தொடும் இடம்.

இந்த மூன்றில் எது விட்டுப்போனது என்பதைக் காதே சொல்லிவிடும். இடது பக்கம் இல்லையென்றால் நுனி, வலது இல்லையென்றால் நடுத் துண்டு. பலருக்குத் தெரியாதது மூன்றாவதுதான். பொதுத் தொடுகை விட்டால் ஒரு பக்கமும் முழுசாக நிற்காது, மின்னோட்டம் இடது ஸ்பீக்கருக்குள் போய் வலது ஸ்பீக்கர் வழியாகத் திரும்பும். அப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரியாக வருகிற ஒலி ஒன்றையொன்று இல்லாமல் செய்துவிடும், இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மட்டும்தான் மிஞ்சும். சினிமாப் பாட்டில் பாடகரின் குரலை நடுவில்தான் வைப்பார்கள், அதனால் குரல் காணாமல் போய், வயலினும் எதிரொலியும் மட்டும் தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். இதைக் கேட்டவுடன் பொதுத் தொடுகை என்று முடிவு கட்டலாம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஊரில் பிடித்த கசெட் பெரும்பாலும் ஒற்றை மைக் உள்ள மோனோ ரெக்கோடரில் பிடித்தது. அதில் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசமே கிடையாது. ஆகவே பொதுத் தொடுகை விட்டுப்போன வோக்மேனில் அந்தக் கசெட்டைப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது, ஆகக்கூடியது ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம். கேட்பவர் என்ன நினைப்பார்? "கசெட் அழிஞ்சு போச்சு" என்று நினைப்பார். அதே வோக்மேனில் சினிமாப் பாட்டு அரைகுறையாக என்றாலும் கேட்பதால் சந்தேகம் இன்னும் உறுதியாகிவிடும். அப்படி நம்பி நல்ல கசெட்டுகளைக் குப்பையில் போடுகிறார்கள். ஜெக்கைப் பார்க்காமல் எந்தக் கசெட்டையும் வெறுமை என்று தீர்மானிக்க வேண்டாம்.

இப்போது சோதனை. முதலில் வேறொரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள், பாதிப் பழுதுகள் ஹெட்போன் வயரில்தான், அதுவும் பிளக்கின் கழுத்தில். புது ஹெட்போனிலும் அதே குறை என்றால் பாட்டு ஓடும்போது பிளக்கை மெதுவாகச் சுழற்றுங்கள். சுழற்றும்போது கரகரத்து வந்து வந்து போனால் உள்ளே அழுக்கு அல்லது களிம்பு. சுழற்றி ஒன்றுமில்லை, ஆனால் மேலே கீழே சாய்த்தால் சத்தம் வருகிறது என்றால் போர்ட்டில் ஈயம் வெடித்திருக்கிறது, அல்லது தகடு தளர்ந்துவிட்டது. எதைச் செய்தாலும் ஒரு பக்கம் செத்தே இருக்கிறதென்றால் கசெட் இல்லாமல் பிளே பொத்தானை அழுத்தி, வொலியூமைக் கூட்டி, அந்தக் காதில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். இரைச்சல் இரண்டு பக்கமும் இருந்தால் ஜெக்கில் குற்றமில்லை, பெரும்பாலும் கசெட் தொடும் ஹெட்டில்தான் அழுக்கு. அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாலே போதும், வோக்மேனைக் கழற்றவே தேவையில்லை.

களிம்பு நம்ம பக்கத்தில் கூடுதலாக வரும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, கார்த்திகையில் தொடங்கும் மாரி தை வரைக்கும் வீட்டுக்குள் ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். கல்லடி, நாவலடி மாதிரிக் கரையோர வீடுகளில் உப்புக் காற்று வேறு. பித்தளைத் தகட்டில் பச்சையாகப் படிவது அதனால்தான். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் ஈரம் இல்லை, பதிலுக்குத் தூசியும் மணலும்.

சுத்தம் செய்ய பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட் போதும், ஐசோபுரொப்பைல் அல்ககோல் கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டரியைக் கழற்றுங்கள். ஃபோன் டோர்ச்சை அடித்துத் துளைக்குள் பாருங்கள், சட்டைப்பையின் நூல்தூசு அடியில் இறுகிக் கிடந்தால் மரத்தாலான பல்லுக் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், தகடு வளைந்துவிடும். பஞ்சையும் உள்ளே விட வேண்டாம், அதன் நார் தகட்டுக்கிடையில் மாட்டிக்கொண்டால் புதுப் பழுது. பாவிக்காத ஒரு பழைய பிளக்கை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து, செருகி, சுழற்றி, வெளியே எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி நனைத்துச் செருகுங்கள். துணியில் கறுப்பும் பச்சையும் வருவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். மறுகா அரை மணித்தியாலம் காய விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், ஓடிக்கொலோன் எதையும் விட வேண்டாம். எண்ணெய் போட்ட அன்றைக்கு நன்றாகக் கேட்கும், பிறகு அதே எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் சரிவரவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். அடப்டர் வயரைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். வோக்மேனில் சின்ன நட்சத்திர ஆணிகள்தான் இருக்கும், பின்பக்கத்திலும் பெட்டரி மூடிக்குள்ளும் தேடுங்கள், சிலதில் கசெட் கதவுக்கு உள்ளேயும் இருக்கும். ஆணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமான ஆணியைக் கட்டையான இடத்தில் முறுக்கினால் உள்ளே போர்ட்டைக் குத்தும், ஆகவே ஒரு தாளில் வோக்மேனின் படத்தைக் கீறி, ஆணி இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் படம் எடுங்கள். மூடி வராவிட்டால் இழுக்காதீர்கள், எங்கோ ஓர் ஆணி மிச்சம் இருக்கிறது. பெட்டரித் தகட்டிலிருந்து போர்ட்டுக்குப் போகும் வயர்கள் தலைமயிர் மாதிரி மெல்லியவை, மூடியை வேகமாகத் தூக்கினால் அறுந்துவிடும்.

ஜெக்கின் கால்கள் போர்ட்டின் மறுபக்கத்தில் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஃபோன் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல ஈயம் பளபளப்பாகக் காலைச் சுற்றி ஏறி நிற்கும். வெடித்த ஈயத்தில் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுத்த வட்டம் தெரியும், அவ்வளவுதான், வேறு அடையாளம் இருக்காது. சந்தேகமாக இருந்தால் பிளக்கைச் செருகி ஆட்டிப் பாருங்கள், கால் மட்டும் தனியாக அசையும், ஈயம் அசையாது. அதை ஒருமுறை கண்ணால் கண்டவர் பிறகு ஒருநாளும் தவறவிட மாட்டார்.

பற்றவைக்க 25 அல்லது 30 வோட்ஸ் சோல்டரிங் அயன், கூர்நுனி உள்ளது போதும். ஈயம் மெல்லியதாக, உள்ளே ரெசின் உள்ளதாக வாங்குங்கள். 60/40 என்று எழுதியது பழக இலகு, 190 பாகைக்குள் உருகிவிடும். ஹாட்வெயார் கடையில் தகரம் பற்றவைக்க ஒரு அசிட் விற்பார்கள், அதை மட்டும் இதற்குப் பாவிக்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்தில் சில மாதத்தில் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். யன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறி நேரே அயனில் அடிக்க வேண்டாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

ஒரு முக்கியமான வேலை: பற்றவைக்கத் தொடங்க முன் பழைய பிளக் ஒன்றை ஜெக்குக்குள் செருகி விடுங்கள். சூட்டில் ஜெக்கின் பிளாஸ்டிக் இளகினாலும் தகடுகள் இடம் மாறாமல் பிளக் பிடித்துக்கொள்ளும். பிறகு அயன் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, கொஞ்சம் சோல்டரிங் பேஸ்ட் தடவி, நுனியைக் காலும் போர்ட்டின் செப்பும் சேருமிடத்தில் வைத்து, இரண்டு மூன்று விநாடியில் பழைய ஈயம் உருகும்போது புது ஈயத்தைத் தொட்டும் தொடாமலும் கொடுங்கள். அயனை எடுத்தபின் ஈயம் இறுகும்வரை எதையும் அசைக்கக் கூடாது. ஒரு காலை முடித்து, ஆற விட்டு, அடுத்த கால். சத்தம் வராத கால் ஒன்றுதான் என்றாலும் எல்லாக் கால்களையும் செய்துவிடுங்கள், ஒன்று வெடித்திருந்தால் மற்றதும் வெடிக்கப் போகிறது. கடைசியில் ஸ்பிரிட்டால் பேஸ்ட்டைத் துடையுங்கள். பெரும்பாலான வோக்மேன்கள் இத்தோடு சரியாகிவிடும்.

உள்ளே தகடே முறிந்திருந்தால் ஜெக்கை மாற்ற வேண்டும். முழு ஜெக்கையும் ஒரே இழுவையில் கழற்றப் பார்த்தால் போர்ட்டின் செப்புக் கோடு உரிந்து வரும். பழைய ஜெக் எப்படியும் குப்பைக்குத்தான், அதன் பிளாஸ்டிக்கைக் கட்டரால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். துளையில் அடைத்த ஈயத்தை எடுக்க, பழைய வயருக்குள் இருக்கும் செப்பு நூல்களைப் பின்னிப் பேஸ்ட் தடவி, அதன் மேல் அயனை வைத்தால் ஈயத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

ஜெக்குகளின் வெளித்துளை எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் கால்கள் இருக்கும் இடம் கம்பனிக்குக் கம்பனி வேறு. ஆகவே அளவை வாயால் சொல்லி வாங்க முடியாது. மட்டக்களப்பு டவுனிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ ரேடியோ, ஃபோன் திருத்துகிற கடைக்குப் பழைய ஜெக்கையோ போர்ட்டின் படத்தையோ கொண்டுபோய், "நானா, இதே கால் உள்ளது ஒண்டு பழைய போர்ட்டுகளுக்குள்ள இருக்குமா, ஒருக்காப் பாருங்களேன்" என்று கேளுங்கள். உடைத்துப் போட்ட ரேடியோ, சிடி பிளேயர் போர்ட்டுகள் அவர்களிடம் இருக்கும், அதிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

அப்படியே கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, என் விருப்பமான வழி அடுத்ததுதான். போர்ட்டிலிருந்து மூன்று வயரை வெளியே எடுத்து, அதன் முனையில் வயரில் தொங்கும் வகைச் சொக்கட் ஒன்றைப் பற்றவைப்பது. பார்க்க அழகில்லைதான், ஆனால் இனி எவ்வளவு இழுத்தாலும் போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. வயருக்குப் பழைய யுஎஸ்பி கேபிளை வெட்டினால் உள்ளே நான்கு நிறத்தில் மெல்லிய, வளையக்கூடிய வயர்கள் இருக்கும், மூன்றை எடுங்கள். வோக்மேன் உடலுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே விடுங்கள், இழுவை முடிச்சில் நிற்கும்.

எந்தக் கால் எதற்கு என்று கண்டுபிடிக்க, பழைய ஜெக்கைக் கழற்ற முன்னரே மல்டிமீற்றரைப் பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய பழைய ஹெட்போன் வயரின் பிளக்கைச் செருகி, வயர் முனையில் ஒரு குச்சி, ஜெக்கின் காலில் ஒரு குச்சி. ஹெட்போன் வயருக்குள் பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செப்பு நிறம் பொது. அந்த வயர்களில் இனாமல் பூச்சு இருப்பதால் சும்மா தொட்டால் பீப் வராது. அயன் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி வயர் முனையை அதற்குள் கொஞ்ச நேரம் பிடித்தால் பூச்சு எரிந்துபோகும். மூன்றுக்கு மேல் கால் இருந்தால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் உள்ள செட்டுகளில், பிளக் செருகியதும் ஸ்பீக்கரை நிறுத்தும் சுவிட்சும் ஜெக்குக்குள்ளேயே இருக்கும், அதற்கான கால்கள் அவை. பிளக்கை எடுத்தபின்னும் ஸ்பீக்கர் பேசாமல் இருந்தால் பழுது அந்தச் சுவிட்சில்.

இரண்டு இடத்தில் கவனம். எஃப்எம் உள்ள வோக்மேனில் ஹெட்போன் வயர்தான் அன்டெனா, அதனால் ஜெக்குக்கு அருகில் சின்னச் சுருள்கள் இருக்கும், அவற்றைத் தாண்டி வயரைக் கொடுத்தால் ரேடியோ பிடிக்காது. ஜெக்கின் கால் இருந்த அதே துளையில் பற்றவையுங்கள். இரண்டாவது, ஹெட்போனின் பொது வயரும் பெட்டரியின் மைனஸும் ஒன்று என்று நினைத்து இணைத்துவிடாதீர்கள். சில பிளேயர்களில் அவை வேறு வேறு, இணைத்தால் அம்பிளிஃபயர் சிப் போய்விடும்.

எம்பி3 பிளேயர்களிலும் இதே வேலைதான், கால்கள் மட்டும் இன்னும் சின்னவை. பழைய ஐபொட் கிளாசிக் வைத்திருப்பவர்களுக்குப் பற்றவைக்கும் வேலையே இல்லை, அதில் ஜெக் ஒரு மெல்லிய பட்டை வயரோடு பின்மூடியில் இருக்கிறது, அந்தத் துண்டை முழுசாக வாங்கி மாற்றலாம். திறக்கும்போது பின்மூடிக்கும் உடலுக்கும் இடையில் உள்ள பட்டையை அறுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

திருத்தி முடிந்ததும் மலிவான ஹெட்போனில், வொலியூமைக் குறைத்து முதலில் கேளுங்கள். பிளக்கைச் சுழற்றியும் சாய்த்தும் சத்தம் அசையாமல் நின்றால் மூடியை முறுக்கலாம். இனி உடனே கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கிவிடுங்கள், மழைக்காலம் வரட்டும் என்று வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் 3.5 பிளக் உள்ள வயர் ஒன்று, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவும் போதும். லெப்டொப்பில் லைன்-இன் துளை இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்ட் வாங்கிக்கொள்ளலாம். வோக்மேனை அடப்டரில் இல்லாமல் பெட்டரியில் ஓட விடுங்கள், இரைச்சல் குறையும். வருடக்கணக்காகக் கிடந்த கசெட்டை முதலில் ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றித் தளர்த்துங்கள். வொலியூம் பாதியளவில் இருக்கட்டும், ஆனால் அளவைத் தீர்மானிப்பது பேச்சை வைத்து அல்ல, கூத்துக் கசெட் என்றால் மத்தளமும் சல்லரித் தாளமும் சேர்ந்து உச்சத்தில் போகிற ஓர் இடத்தைத் தேடி, அங்கே ஓடாசிட்டியின் அளவுகாட்டி சிவப்புக்குப் போகாமல் வையுங்கள். 90 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், அவ்வளவு நேரமும் பதிவு ஓட வேண்டும். முதலில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 ஆக்குவது பிறகு. மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை என்று உறையில் எழுதியிருந்தாலும் திருப்பிப் போட்டுக் கடைசிவரை ஓட விடுங்கள், நடுவில் பத்து நிமிடம் வெறுமையாக விட்டு அதற்குப் பிறகு பதிந்திருப்பார்கள்.